கலைச்சொல்: ‘நற்பெயர்க் கோட்டம்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

பிறர் நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்று பதிலை வளைத்துச் சொல்லும் ‘சோஷியல் டிசையரபிலிட்டி பயாஸ்’ என்பதற்கு நீங்கள் தந்த ‘சமூக விரும்பத்தக்கமைச் சார்பு’ எனக்கு ஒட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். முதியோர் தனிமை பற்றிய நேர்காணலுக்காக ஒரு மாணவியோடு காரைக்குடிப் பக்கம் போயிருந்தேன். முகப்பில், அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓர் ஆச்சி, “எனக்கென்ன குறை, பிள்ளைக நல்லா வச்சிருக்காக” என்றார். காபி குடித்துவிட்டு வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுக்குப் போனதும் அதே ஆச்சி மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பேச ஆளில்லை ஆத்தா” என்றார். படிவத்தில் ஏறியதோ முதல் பதில்தான். அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டின் பெயரைக் காத்தார், அவ்வளவுதான். ‘விரும்பத்தக்கமை’யில் இந்தக் காப்பு தெரியவே இல்லை.

உளவியலாளர்கள் கிரவுனும் மார்லோவும் 1960-இல் வெளியிட்ட 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலும் இதைத்தான் பிடிக்கிறது. யாரையும் கடுமையாக வெறுத்ததே இல்லை என்பது போல, யாருக்கும் முழுக்கப் பொருந்தாத கூற்றுக்கு ஆம் போடுகிறவர் நற்பெயரைத் தேடுகிறார்.

‘சார்பு’ம் வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் அது ‘ஃபங்ஷன்’. போதாக்குறைக்கு, ஆய்வுமுறைப் பாடத்தில் ‘சார்ந்த மாறி’ (டிபென்டன்ட் வேரியபிள்) வேறு இருக்கிறது. ‘நற்பெயர்ச் சாய்வு’ என்போமா?

———

அம்மா,

‘நற்பெயர்’ அருமை, என் சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் சாய்வும் கணக்கில் மாட்டுகிறதே! நேர்க்கோட்டின் சாய்வு புள்ளியியலிலும் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு சாய்வு வந்தால் மாணவர் திணறுவார்கள்.

———

சரிதான் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் ‘கோட்டம்’ என்று வைப்போம். குறள் 119-இல் சொற்கோட்டம், உட்கோட்டம் இரண்டுமே இருக்கின்றன. உள்ளம் கோணாமல் இருந்தால்தான் சொல் கோணாமை செப்பமாகும் என்கிறது. நமக்கு வேண்டிய இணையே அதில் கிடைக்கிறது. பதில் சொல்பவரிடம் வருவது சொற்கோட்டம், அதில் ஒரு வகை நற்பெயர்க் கோட்டம். ஆய்வாளர் தம் எதிர்பார்ப்பால் முடிவை வளைப்பது உட்கோட்டம்.

தேவகோட்டை வருவாய்க் கோட்டம் நினைவுக்கு வரும் என்பீர்கள். ‘நற்பெயர்’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

புதிய படிவத்தில் இந்தச் சொல்லையே எழுதுகிறேன். அப்புறம், எந்த இடத்தில் பேசினோம், உடன் யார் இருந்தார்கள் என்று குறிக்க இரண்டு கட்டங்களும் சேர்க்கிறேன்.