புதுப்பிப்பு: கிரிப்டோகிராபி பாடம் எடுத்தேன்

எண் கோட்பாடு படிக்காமல் கிரிப்டோகிராபியை (செய்திகளை ரகசியமாகப் பூட்டித் திறக்கும் கலை) விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று ஜூலையில் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "எடு", மீதிப் பேர் "முதலில் கணக்கைப் படி" என்றீர்கள். எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் சரிதான்!

முதல் மூன்று வாரம் திண்டாட்டம். ஆர்எஸ்ஏ (பூட்ட ஒரு திறவுகோல், திறக்க இன்னொன்று என்ற முறை) கணக்கு ஒன்றில் பகா எண்கள் 61, 53, பெருக்கினால் 3233. பொதுத் திறவுகோல் 17. தனித் திறவுகோல் கண்டுபிடிக்க வேண்டும். நான் 3233-ஐ வைத்தே 17-க்கு நேர்மாறு (17-ஆல் பெருக்கி 3233-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்) எடுத்து 2092 என்று எழுதினேன். பூட்டிய செய்தி திறக்கவே இல்லை. ஒரு இரவு முழுக்க என் பைத்தான் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அது. நேர்மாறை எடுக்க வேண்டியது இரண்டு பகா எண்களிலும் ஒன்று குறைத்துப் பெருக்கிய 60 × 52, அதாவது 3120-ஐ வைத்து, விடை 2753. 17 × 2753 = 46801. அதை 3120-ஆல் வகுத்தால் மீதி 1. அடுக்குகள் ஏன் 3233-இல் இல்லாமல் 3120-இல் சுழல்கின்றன என்பதற்கு ஆய்லர் தேற்றம்தான் காரணம். சூத்திரத்தை மனப்பாடம் செய்ததால் வந்த வினை.

அப்புறம் நேர்மாறு கண்டுபிடிக்க உதவும் யூக்ளிட் வழிமுறையைக் கையால் இருபது தடவை போட்டேன். அதன்பிறகு டிஃபி-ஹெல்மன் (இருவர் வெளிப்படையாகப் பேசியே பொதுவான ரகசியத் திறவுகோல் உருவாக்கும் முறை) ஒரே நாளில் புரிந்தது. நீள்வட்ட வளைவுகளை வைத்துப் பூட்டும் முறை இன்னும் பாதி இருட்டுதான்.

ஒரு சந்தோஷம்: ஒரு எண் பகா எண்ணா என்று உறுதியாகவும் வேகமாகவும் சொல்லும் வழிமுறையை 2002-இல் கண்டுபிடித்தது ஐஐடி கான்பூரில். ஆனால் நடைமுறையில் மில்லர்-ராபின் சோதனைதான் ஓடுகிறது, அதுதான் இன்னும் வேகம்.

தேர்வு அடுத்த மாதம்.