பிராங்பர்ட் பக்கம் தோல், ஷூ துறையில் நம்ம ஊர்க்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பேரணாம்பட்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருஷம் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் பிராங்பர்ட் வந்து 7 மாதம் ஆகிறது.

தோலை மடித்து, மடிப்பில் கட்டைவிரலை ஓட்டினாலே மேல்பூச்சு வெடிக்குமா வெடிக்காதா என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்க இங்கே ஒரு ஆள் தெரியாது. ஆம்பூரில் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் சாயங்காலத்துக்குள் வாணியம்பாடி, ராணிப்பேட்டை வரை போய்விடும். இங்கே முன்கூட்டியே மெயில் எழுதி, நேரம் வாங்கித்தான் ஒருவரைப் பார்க்க முடிகிறது. லிங்க்ட்இனில் 40 பேருக்கு எழுதினேன், 2 பேர்தான் பதில் போட்டார்கள். எடுத்த எடுப்பில் வேலை கேட்டது தப்பு என்று இப்போது புரிகிறது.

பக்கத்திலேயே ஆஃபன்பாக் இருக்கிறது. தோல் பொருள்களுக்குப் பேர்போன ஊர், 1917இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகமும் அங்கேதான். ஷூவுக்குப் பேர்பெற்ற பிர்மாசென்ஸுக்கும் ரயிலில் போய்வரத் தயார். அங்கெல்லாம் யாரையாவது தெரிந்தால் அறிமுகம் செய்துவையுங்கள். அரை மணி நேரம் பேசினால் போதும்.

அப்புறம், இங்கே வந்து தொடர்புகள் பிடித்தவர்கள் முதல் மெயிலை எப்படித் தொடங்கினீர்கள்? ஆங்கிலத்திலா, ஜெர்மனிலா? நான் ஜெர்மனில் இன்னும் ஏ2 என்கிற ஆரம்பநிலை வகுப்பில்தான் இருக்கிறேன். ஊரில் ஜெர்மன் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தால், உங்கள் பெயரைச் சொல்லி எழுதலாமா?