பானட் கிளியரில் தூசிப் புள்ளியும் வழிசலும்: வாட்டர் பேப்பர் எங்கே நிறுத்தணும்?

கேள்வி:
பேஸ் கோட் (நிறப் பூச்சு), அதன் மேல் டூ-கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) அடித்து மூன்று வாரம் ஆன பானட். மெட்டாலிக் கிரே. நடுவில் ஏழெட்டு தூசிப் புள்ளி, வலது ஓரத்தில் விரல் நீளத்துக்கு கிளியர் வழிந்து உறைந்த ஒரு வழிசல், மற்ற இடமெல்லாம் லேசாக ஆரஞ்சுத் தோல் (ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடு பள்ளம்). பெயின்ட் தடிமன் மீட்டர் 150 முதல் 165 மைக்ரான் காட்டுகிறது. வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் ஏற ஏற நைசு) 1500 நம்பரில் ஆரம்பிக்கலாமா, 2000 போதுமா?

பதில் 1:
165 என்று பார்த்துத் தைரியமாகிவிடாதீர்கள். தகரத்துக்கு மேலே இருக்கிற பிரைமர், பேஸ், கிளியர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கிளியர் மட்டும் எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லாது. பெயின்டரிடம் எத்தனை கோட் கிளியர் என்று கேளுங்கள். இரண்டு முழுக் கோட் என்றால் சுமார் 50 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். பேப்பர், காம்பவுண்ட் (கீறலை அரைத்து எடுக்கும் பேஸ்ட்), பாலிஷ் மூன்றும் சேர்ந்து அதில் பத்துக்கு மேல் தின்னக்கூடாது. கிளியர் மெலிந்தால் வெயிலில் சில வருஷத்தில் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

ஆரஞ்சுத் தோலை முழுக்க எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கம்பெனி பெயின்டிலேயே அது கொஞ்சம் இருக்கும். பானட் மட்டும் கண்ணாடியாகி, பக்கத்து ஃபெண்டர் அப்படியே இருந்தால் தனியாகத் தெரியும்.

தூசிப் புள்ளிக்கு 2000 போதும். 1500 போட்டால் அது போடுகிற கீறலை அழிக்கவே மேலும் கிளியர் போகும். பேப்பரை 15 நிமிஷம் ஊறவையுங்கள், தண்ணீரில் நாலு சொட்டு கார் ஷாம்பு விடுங்கள். போர் தண்ணியில் மணல் வந்தால் துணியில் வடிகட்டியே ஆகணும். பேப்பருக்கு அடியில் ஒரு மணல் சிக்கினாலும் 2000 நம்பரால் அழிக்க முடியாத கோடு விழும். தீப்பெட்டி அளவு கெட்டியான பிளாக்கில் பேப்பரைச் சுற்றி, புள்ளி மேலே மட்டும், ஒரே திசையில் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்திய இடமெல்லாம் பள்ளமாகும். பத்து இழுப்புக்கு ஒருமுறை ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துப் பாருங்கள். புள்ளி சுற்றிலும் சமமாக மங்கலானதும் கையை எடுத்துவிடுங்கள்.

பதில் 2:
வழிசல் வேறு கதை. அங்கே கிளியர் தடிமன், உள்ளே காய நாளாகும். முதலில் நகத்தால் அழுத்துங்கள். தடம் நின்றால் இன்னும் சில வாரம் விடுங்கள். காய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டி மாஸ்கிங் டேப்பை இரட்டையாக ஒட்டி, 1500 சுற்றிய கெட்டி பிளாக்கால் மேடு மட்டும் இறக்குங்கள். பிளாக் டேப்பைத் தொட ஆரம்பித்ததும் டேப்பை உரித்துவிட்டு 2000-க்கு மாறுங்கள். 1500 இங்கே மட்டும்தான்.

பானட் ஓரம், மடிப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி டேப் ஒட்டுங்கள். அங்கே கிளியர் நிற்காமல் இறங்கிவிடும், முதலில் தேய்வதும் அங்கேதான்.

கேள்வி கேட்டவர்:
தேய்க்கிற தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகத்தானே வரணும்? கிரே நிறம் வந்தால்?

பதில் 2:
வெள்ளையாக வந்தால் சரி. வண்டி நிறம் வந்தால் கிளியர் ஓட்டையாகி பேஸில் நிற்கிறீர்கள். அதற்கு மேல் பாலிஷால் ஆவது ஒன்றுமில்லை, மெட்டாலிக்கில் மறுபடி பேஸும் கிளியரும் அடிக்கணும். கிளியரே இல்லாத ஒரே கோட் பெயின்டில் ஆரம்பத்திலிருந்தே நிறம் வரும், அது தவறில்லை. வெள்ளை வண்டியில்தான் ஆபத்து அதிகம்: கிளியரா பேஸா என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

பதில் 1:
2000 முடிந்ததும் வாளித் தண்ணீரை மாற்றி, 3000-ஐ குறுக்குத் திசையில் போடுங்கள். பழைய திசைக் கோடு மறைந்தால்தான் முடிந்தது என்று தெரியும். அப்புறம் பாலிஷ் மெஷினில் கட்டிங் பேடும் (சற்று கரடான பேட்) காம்பவுண்டும், இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பாக, நாலைந்து மெதுவான சுற்று. தகரம் கை வைக்க முடியாமல் சுட்டால் ஆறவிடுங்கள். பிறகு மென்மையான பேடில் பாலிஷ். கடைசியில் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்துவிட்டு வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்; காம்பவுண்ட் எண்ணெய் கோடுகளை மறைத்து வைத்திருக்கும். மெழுகு, கோட்டிங் எதுவும் இப்போதைக்கு வேண்டாம், கிளியர் டப்பாவில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடியட்டும்.