மூன்று கோழிகள் ஒரே நேரத்தில் அடை: எதற்கு முட்டை வைப்பது, எதைத் தெளிய வைப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் சிறுவிடை என்னும் சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். இந்தச் சித்திரையில் மூன்று கோழிகள் ஒரே கூடையில் நெருக்கியடித்துக்கொண்டு அடைக்கு அமர்ந்துவிட்டன. மற்றக் கோழிகளும் அங்கேயே முட்டையிட்டுச் செல்வதால் புதியதும் பழையதும் கலந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் குஞ்சு பொரிக்க விட்டு, மற்ற இரண்டையும் அடை தெளிய வைக்க, அதாவது அடைகாப்பதை விட்டு எழச் செய்ய விரும்புகிறேன். தண்ணீரில் முக்கி எடுக்கும்படியும், மூக்கில் இறகைச் செருகும்படியும் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கோழியை வதைக்காத வழி உண்டா?

பதில் 1:
மூக்கில் இறகைச் செருகுவதை அருள்கூர்ந்து செய்யாதீர்கள். அது கோழிக்குப் புண்ணைத் தருமே தவிர அடையைத் தெளிய வைக்காது. தண்ணீரில் முக்கினாலும் ஈரம் உலர்ந்ததும் கோழி மீண்டும் கூடைக்கே போகும். புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுவதால்தான் அடை வருகிறது. இருட்டும், மெத்தென்ற வைக்கோலும், வயிற்றில் படும் முட்டையும் அந்தச் சுரப்பைக் குறையவிடாமல் வைத்திருக்கின்றன. எனவே, அடியிலும் கம்பிவலை உள்ள கூண்டு ஒன்றைச் செங்கற்களின் மேல் உயர்த்தி, வெளிச்சமும் நிழலும் உள்ள இடத்தில் வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் அதில் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் படப்பட, பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் தெளிந்துவிடும். அடைக்கு அமர்ந்த ஓரிரு நாட்களிலேயே தொடங்குவது முக்கியம். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் தெளிய வைப்பது கடினம். திறந்துவிட்டதும் கூடையைத் தேடிப் போனால் மறுபடியும் கூண்டில் அடையுங்கள்.

பதில் 2:
பொரிக்க விடும் கோழியைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு குஞ்சுகளை நன்றாக வளர்த்த கோழியாகத் தேர்ந்தெடுத்து, பேன் இருக்கிறதா என்று இறகை விலக்கிப் பாருங்கள். அடைக்கோழி மண்குளியலுக்கு அதிகம் இறங்காததால் பேன் பெருகி, பாதியிலேயே எழுந்துவிடக்கூடும். மற்றக் கோழிகள் நுழைய முடியாத மூலையில், மணலும் வைக்கோலும் பரப்பிய தனிக் கூடையில் இரவு நேரத்தில் அமர்த்துங்கள். சிறுவிடையின் உடலுக்கு ஒன்பது பத்து முட்டைகள் போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்போது கூடையில் சேர்ந்திருக்கும் முட்டைகளையே அதற்கு வைக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். கரு வளரச் சுமார் 21 நாட்கள் ஆகும். வெவ்வேறு நாளில் சூடு பட்ட முட்டைகளை வைத்தால், முதலில் பொரித்த குஞ்சுகளை அழைத்துக்கொண்டு தாய் இறங்கிவிடும்; மீதியுள்ளவை ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். சித்திரை வெயிலில் வெளியே வைத்த முட்டையிலும் அடைச்சூடு இல்லாமலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும் என்பதால், வீட்டில் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்த, ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளை ஒரே நாளில் வைத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு இல்லாத முட்டை தென்பட்டால் அன்றே எடுத்துவிடலாம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, இரத்த நாளங்கள் தெரியாத கூமுட்டைகளை நீக்குங்கள்.

பதில் 3:
குஞ்சுகள் அதிகம் தேவையென்றால் இரண்டு கோழிகளுக்கு ஒரே நாளில் முட்டை வைத்து, பொரித்த அன்று இரவே எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்த்துவிடலாம். மற்றதைக் கம்பிவலைக் கூண்டில் தெளிய வைத்தால் விரைவில் முட்டைக்கு வரும். எந்தக் கோழி பொரித்தாலும், குஞ்சுகள் பொரித்த ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய்க்கான சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.