ஜாப் சக்சஸ், கணக்கு தப்பு: உங்கள் டேட்டா அனுபவங்களைச் சொல்லுங்கள்

டேட்டா பைப்லைனில், அதாவது டேட்டாவைத் திரட்டி மாற்றி அறிக்கை வரை கொண்டுசேர்க்கும் தொடர் ஜாப்களில், வேலை பார்ப்பவர்கள் எழுதுங்கள், முதலில் நான் ஆரம்பிக்கிறேன்.

சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் கடைகளிலிருந்து இரவில் வரும் பில் விவரங்களை, பெரிய டேட்டாவைக் கையாளும் மென்பொருளான ஸ்பார்க்கில் திரட்டி, காலையில் விற்பனை அறிக்கை கொடுக்கும் வேலை எங்கள் டீமுடையது. சில கடைகளில் பில்லிங் மென்பொருளை மாற்றினார்கள். புதியது 1250.00 என்று அனுப்பாமல் நடுவில் கமா போட்டு 1,250.00 என்று அனுப்பியது, யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஸ்பார்க் 3-இல் எழுத்தாக வருவதை எண்ணாக மாற்ற முடியாவிட்டால், நீங்களாக அமைப்பை மாற்றி வைத்திருந்தாலொழிய பிழை வராது. அந்த இடத்தில் வெற்று மதிப்பு உட்காரும், கூட்டும்போது அது கண்டுகொள்ளப்படாது. ஆயிரத்துக்குக் கீழான பில்லில் கமாவே கிடையாது என்பதால் அவையெல்லாம் ஒழுங்காகவே கூடின, எந்தக் கடையும் பூஜ்யம் காட்டவில்லை, ஏதோ வியாபாரம் கொஞ்சம் மந்தம் என்றுதான் தோன்றியது. ஜாப்களை ஓட்டிக் கண்காணிக்கும் ஏர்ஃப்ளோவில் எல்லாம் பச்சை, அதாவது சக்சஸ். ஒரு கடை மேலாளர் தன் கல்லாக் கணக்கோடு ஒப்பிட்டுக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது.

எங்கள் கோடுக்கு, ஒவ்வொரு பகுதியையும் தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் இருந்தது, எல்லாம் பாஸ். வந்து சேரும் டேட்டாவுக்குத்தான் டெஸ்ட் இல்லை. இப்போது எண்ணாக மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வெற்று மதிப்புகளை எண்ணுகிறோம், கூடியிருந்தால் அந்த ஃபைல் தனி ஃபோல்டருக்குப் போகும், அறிக்கை வெளியாகாது. 2025-இல் வந்த ஸ்பார்க் 4.0-இல் ஆன்சி மோட் (மாற்ற முடியாத மதிப்பு வந்தால் பிழை காட்டும் அமைப்பு) இயல்பாகவே ஆன் என்பதால் இந்த மாதிரி இடத்தில் ஜாபே நின்றுவிடும், எனக்கு அதில் பெரிய சந்தோஷம். நடுராத்திரி போன் வந்தாலும் பரவாயில்லை, தப்பான எண்ணை நம்பி ஒருவர் கடையை மூட முடிவெடுத்துவிடக் கூடாது.

மறுமொழி:
அண்ணா, நாங்கள் பார்த்தது ரீரன், அதாவது மறுபடி ஓட்டுவதில் வந்த பிரச்சினை. பைப்லைனில் முதல் டேபிள் எழுதி முடிந்தது, இரண்டாவது ஸ்டெப்பில் விழுந்தது, இரவு ஷிஃப்டில் இருந்தவர் முதலிலிருந்து ஓட்டினார். எழுதியது அப்பெண்ட் மோடில், அதாவது ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து, ஆக முதல் டேபிளில் அன்றைய வரிசைகள் எல்லாம் இரண்டு தடவை. அப்புறம் டேபிளைத் தேதி வாரியாகப் பார்ட்டிஷன் (தனித்தனிப் பகுதி) பிரித்து, பழையதை அழித்து ஓவர்ரைட் செய்யும்படி மாற்றினோம். இதைச் செய்யப்போகிறவர்கள் கவனமாக இருங்கள், பார்ட்டிஷன் ஓவர்ரைட் மோடை டைனமிக் (புதிதாக எழுதும் பகுதியை மட்டும் மாற்றுவது) என்று வைக்காவிட்டால் இயல்பாக இருப்பது ஸ்டாட்டிக், அன்றைய தேதியோடு பழைய தேதிகளும் சேர்ந்து அழிந்துபோகும். ஒரே தேதியை இரண்டு முறை ஓட்டி வரிசை எண்ணிக்கை மாறவில்லை என்று பார்க்கும் டெஸ்ட் இப்போது, கோடு மாறும்போதெல்லாம் தானாக டெஸ்ட் ஓட்டும் சிஐ-யில் இருக்கிறது. அதற்குப் பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டர் வேண்டாம், ஒரே கணினியில் ஓடும் லோக்கல் மோடில் சின்ன டேட்டா போதும்.

மறுமொழி:
உள்ளே எத்தனை வரிசை, வெளியே எத்தனை வரிசை என்று ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எண்ணச் சொல்லி எங்கள் டீமில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இங்கிலாந்தில் 2020-இல் நடந்தது. கொரோனா பரிசோதனை லேபுகள் அனுப்பிய சிஎஸ்வி ஃபைல்களை (கமாவால் பிரித்த எழுத்து ஃபைல்கள்) எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமே இல்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் விடுபட்டன, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம், நினைத்தாலே மனசு வலிக்கிறது.

எங்களிடம் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயினில்தான் உதவியது. எல்லாக் கடைகளின் விவரமும் இருக்கும் கடை மாஸ்டர் டேபிளில் ஒரே கடை எண் இரண்டு வரிசையில் இருந்தது, ஜாயின் முடிந்ததும் அந்தக் கடையின் விற்பனை இரட்டிப்பு. எண்ணிக்கை கூடியதைப் பார்த்து ஜாப் அங்கேயே நின்றது. மாஸ்டர் டேபிள் பராமரிப்பவர்களிடம் பேசி, கடை எண் தனித்தன்மையோடு இருக்கிறதா என்ற சோதனையை அவர்கள் பக்கமே வைக்கச் சொல்லியிருக்கிறோம்.