காப்பகத்தில் விட்டதிலிருந்து மாறி மாறிக் காய்ச்சல்: நிறுத்திவிடலாமா?

பீளமேட்டிலிருந்து ஒரு தாய்:

வணக்கம். என் மகளுக்கு ஒன்றே கால் வயது. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் ஜூன் மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். அன்றிலிருந்து சளி விட்டால் காய்ச்சல், காய்ச்சல் விட்டால் வயிற்றுப்போக்கு. போன வாரம் காப்பகத்தின் வாட்ஸாப் குழுவில், இரண்டு குழந்தைகளுக்குக் கை, கால், வாய் நோய் வந்திருப்பதாகச் செய்தி போட்டார்கள். "கவலை வேண்டாம், எல்லா அறையிலும் சானிடைசர் வைத்திருக்கிறோம்" என்றும் எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை என் மகளின் உள்ளங்காலிலும் புட்டத்திலும் சிவப்புப் புள்ளிகள். சோற்றை வாயில் வைத்தாலே அழுகிறாள். மாமியார் அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். மருத்துவர் பார்த்துவிட்டு, அம்மை இல்லை, அதே நோய்தான், ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்.

வேலையை விட்டுவிடு என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. எல்லாக் காப்பகங்களும் இப்படித்தானா? வேறு இடம் பார்ப்பதென்றால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

இரண்டு பையன்களின் அப்பா:

சகோதரி, பயப்படாதீர்கள். என் மூத்தவனுக்கும் முதல் வருடம் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. இரண்டாம் வருடம் தானாகவே குறைந்தது. இடம் மாற்றுவதென்றால் கேமரா வைத்திருக்கும் காப்பகமாகப் பாருங்கள். கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம், மனதுக்கு நிம்மதி.

ஓய்வுபெற்ற காப்பாளர், திருப்பூர்:

தம்பி சொன்ன கேமராவை முதலில் ஒதுக்கி வையுங்கள், அம்மணி. இங்கே ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தைப் பணி ஓய்வு வரை நடத்தியவள் நான். கேமராவில் பிள்ளை தூங்குவது தெரியும். ஆயா கை கழுவினாரா என்பது தெரியாது. டயப்பர் மாற்றும் இடத்தில் கேமரா வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. நோய் அதிகம் பரவும் இடங்களில் அதுவும் ஒன்று.

சானிடைசர் வைத்திருக்கிறோம் என்று எழுதினார்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்த நோயைக் கொண்டுவருபவை என்டரோவைரஸ் வகைக் கிருமிகள். இவற்றுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் அந்த உறையைத்தான் முக்கியமாகக் கரைக்கிறது என்பதால், சானிடைசர் இவற்றிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் பாட்டிலை நம்பப் பழகிவிட்டார்கள்.

புது இடம் பார்க்கப் போனால், சேர்க்கை பற்றிப் பேசக் கூப்பிடும் நேரத்தில் போகாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சொல்லாமல் போய் நில்லுங்கள். ஆயாக்கள் தலைகால் தெரியாமல் ஓடும் நேரம் அதுதான். டயப்பர் மாற்றும் மேடையிலிருந்து குழாய் எத்தனை அடி என்று பாருங்கள். குழாய் வேறு அறையில் இருந்தால் யாரும் ஒவ்வொரு முறையும் போய்க் கழுவ மாட்டார்கள்; ஒருவர் எட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது அது நடக்காத காரியம். அந்தக் குழாயடியிலேயே பால் டம்ளரையும் அலசுகிறார்களா? பேசினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பூத்துவாலை, நடுப்பகுதி மட்டும் ஈரமாகக் கறுத்துத் தொங்குகிறதா? அப்படியென்றால் எல்லாக் கையையும் அதில்தான் துடைக்கிறார்கள். சுவரில் யானையும் முயலும் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அங்கே சேர்க்காதீர்கள். பிளீச்சிங் கரைசல் எப்போது கலக்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். தினமும் காலையில் என்று பதில் வர வேண்டும். கலந்து வைத்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும்.

அடுத்தது தூங்கும் அறை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காப்பகப் பிள்ளைகள் தூங்குவதும் பகலில்தான். ராத்திரிக்குக் கொசுவலை போடும் நம் ஊரில் மதியத்துக்கு யாரும் நினைப்பதில்லை. ஜன்னலில் வலை உண்டா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

குளியலறையில் நிரப்பி வைத்த வாளி, அண்டா எதுவும் இருக்கக் கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும், சத்தமே வராது. கொண்டைக்கடலைச் சுண்டலும் முழு நிலக்கடலையும் சத்துதான். ஆனால் கடைவாய்ப் பல் முளைக்காத வாயில் அவை மூச்சுக்குழலுக்குப் போய்விடும். மசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

சமையலறை எங்கே, வெளியேற இரண்டு வழி உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. திருட்டுக்குப் பயந்து கிரில் கதவைப் பூட்டிச் சாவியை மேலாளர் பையில் போட்டுக்கொள்ளும் இடங்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

இனி, பெற்றோருக்குப் பிடிக்காத ஒன்று. காலையில் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எட்டு மணிக்குச் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை பதினோரு மணிக்கு அனலாய்க் கொதிக்கும். அதற்குள் பக்கத்துப் பிள்ளையின் பொம்மை இதன் வாய்க்கும், இதன் பொம்மை அதன் வாய்க்கும் போயிருக்கும். அந்தத் தாய்மாரை நான் திட்டியதில்லை. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். ஆனால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ரொம்பக் கண்டிப்பு என்று மற்ற பெற்றோர் குறைப்படும் காப்பகம் இருந்தால், முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

வேலையை விடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தையும் கேளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்தே, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:

அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மருந்துப் பக்கம் மட்டும் நான் சேர்க்கிறேன். வாய்ப்புண் ஆறும் வரை ஆறிய தயிர்சாதம், இளநீர், மோர் கொடுங்கள். காரம், புளிப்பு வேண்டாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, தூக்கத்தில் திடுக்குத் திடுக்கென்று உடல் தூக்கிப் போட்டாலோ, எழுப்பினாலும் மந்தமாகவே இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பயப்பட வேண்டாம், அது தானாக வளர்ந்துவிடும்.

காப்பகத்துக்கு மருந்து கொடுத்தனுப்பினால் "ஒரு மூடி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பாராசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பிலோ ஐந்து மில்லிக்குத்தான் 120 அல்லது 250. பாட்டில் மாறினால் அளவு எங்கோ போய்விடும். மருத்துவர் சீட்டு, பிள்ளையின் பெயர், மில்லி அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம், நான்கும் எழுத்தில் இருக்கட்டும். இருமல் சிரப்பைக் கொடுத்தனுப்பவே வேண்டாம்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணையும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னித் தடுப்பூசி) பூஸ்டரும் இருக்கின்றன. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. வேண்டுமானால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பீளமேட்டிலிருந்து ஒரு தாய்:

எல்லாருக்கும் நன்றி. தயிர்சாதம் நாலு வாய் இறங்கியது. அலுவலகத்தில் கேட்டேன், பக்கத்தில் ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதாம், இதுவரை யாருமே எங்களிடம் சொன்னதில்லை. அடுத்த வாரம் மதியம் அங்கே போய் நிற்கப் போகிறேன். அதுவரை பழைய இடம்தான். எப்போது திரும்ப அனுப்பலாம்? முழுவதும் கிருமி போய்விட்டது என்று சான்றிதழ் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற காப்பாளர், திருப்பூர்:

அப்படி ஒரு சான்றிதழை எந்த மருத்துவரும் எழுத முடியாது, அம்மணி. பிள்ளை நன்றான பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் இந்தக் கிருமி போய்க்கொண்டிருக்கும். மருந்து இல்லாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் வராமல் இருந்து, கொப்புளம் நீர் வற்றிக் காய்ந்து, எச்சில் வடியாமல் சாப்பிடவும் தொடங்கிவிட்டால் அனுப்பலாம். மருத்துவரிடம் அதை மட்டும் எழுதி வாங்கிக் கொடுங்கள். கூடவே, டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி ஆயாவிடம் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேலாளரிடம் சொன்னால் அது அங்கேயே நின்றுவிடும். துவாலை இரண்டு தனியாகக் கொடுத்தனுப்புங்கள். பெயரை நூலால் தைத்துவிடுங்கள், மார்க்கர் எழுத்து இரண்டு துவைப்பில் போய்விடும்.