டிவியில் புள்ளி வந்தால் முதலில் மெனுவை அமுக்கிப் பாருங்கள்: நம்ம சேலத்து அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து:

போன ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை நடந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டு டிவியில் முதல் புள்ளி வந்தது. 43 இன்ச், வாங்கி நாலு வருஷம். அம்மாதான் முதலில் பார்த்தார். "திரைக்குள்ள நிலா மாதிரி ஒண்ணு தெரியுதுடா, சீரியல்ல யாரு வந்தாலும் அவங்க கன்னத்துல போய் உக்காந்துக்குது" என்றார். மேலே ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தேன், போகவில்லை. பத்து நாளில் மூன்றாகிவிட்டது.

சர்வீஸுக்குச் சொன்னோம். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே திரையைப் பார்த்துவிட்டு, "பேனல் போச்சு சார், மாத்தணும்" என்றார். பேனல் என்றால் படம் தெரிகிற அந்தக் கண்ணாடித் திரை, அதற்குப் புது டிவி விலையில் முக்கால்வாசி கேட்டார்கள். அம்மா உடனே "வேண்டாம் விடு, நான் ரேடியோ கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சுதான் என்னை விடாமல் அலைய வைத்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று பக்கத்துத் தறிக்காரர் நம்பர் கொடுத்தார். போனிலேயே மூன்று கேள்வி கேட்டார். புள்ளியின் ஓரம் ஊசி குத்தின மாதிரி கூர்மையாக இருக்கிறதா, இல்லை விளக்கு வெளிச்சம் மாதிரி மங்கிப் பரவுகிறதா? டிவியோட சொந்த மெனுவைத் திறந்தால் அந்த மெனு மேலேயும் தெரிகிறதா? முழு வெள்ளைப் படம் காட்டினால் என்ன ஆகிறது? எங்கள் வீட்டில் எல்லாம் செட் டாப் பாக்ஸ் ரிமோட்டில்தான் நடக்கும், டிவி ரிமோட்டைப் பீரோவில் தேடி எடுத்து பேட்டரி போட வேண்டியிருந்தது. மெனு மேலேயும் தெரிந்தது, ஓரம் மங்கலாக எட்டணா அளவுக்குப் பரவியிருந்தது, வெள்ளைப் படத்தில் மூன்றும் பளிச்சென்று நின்றன. "பேனல் நல்லாத்தான் இருக்கு, உள்ள லென்ஸ் கழண்டிருக்கு" என்றார், வீட்டுக்கு வராமலேயே.

இந்த மாதிரி எல்.இ.டி. டிவிகளில் பேனலுக்குப் பின்னால் நீளப் பட்டைகளில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் கவிழ்த்து ஒட்டியிருக்கும், வெளிச்சத்தை நாலாபக்கமும் பரப்பிவிடுவது அதுதான். வருஷக்கணக்கில் சூடு ஏறினால் பசை விட்டுப்போய் லென்ஸ் கீழே விழுந்துவிடும். அப்புறம் அந்த விளக்கின் வெளிச்சம் நேராக முன்னால் பாய்ந்து வெள்ளை வட்டமாகத் தெரியும். கறுப்பாகவோ பச்சையாகவோ ஊசிமுனைப் புள்ளி என்றால் அது பிக்சல் (பேனலில் படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகளில் ஒன்று), முற்றிலும் வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனோடு வந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார், கட்டிலில் துவைத்த போர்வையை விரித்தார். சட்டத்தைக் கழற்றி, இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்தக் கண்ணாடிப் பேனலைத் தூக்கியபோது அது பொரிக்காத பெரிய அப்பளம் மாதிரி லேசாக வளைந்தது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பேனலுக்குப் பின்னால் அடுக்கியிருந்த வெள்ளைத் தாள்களை எடுத்துப் பார்த்தால், அடிப்பக்க மூலையில் மூன்று லென்ஸும் கிடந்தன. சட்டைப் பொத்தான் அளவு, வெந்த ஜவ்வரிசி மாதிரி தெளிவு. ரெண்டு டியூப் கலந்து ஒட்டும் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு, லென்ஸின் கால்களில் மட்டும் வைத்து ஒட்டினார். விளக்கின் மஞ்சள் முகத்தில் பசை படக்கூடாதாம். சட்டென்று ஒட்டுகிற பசை போட்டால் அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்று அதைத் தொடவே இல்லை. மற்ற லென்ஸ்களையும் விரலால் அசைத்துப் பார்த்து, ஆட்டம் கண்ட ஐந்துக்குப் புதுப் பசை வைத்தார். 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது பேக்லைட்டை, அதாவது அந்தப் பின்விளக்குகளின் வெளிச்சத்தை, 100லிருந்து 60க்குக் குறைத்துவிட்டு, சூடு குறைந்தால் மீதி லென்ஸ்களும் நாள்பட நிற்கும் என்றார்.

தயவுசெய்து இதை வீட்டில் நீங்களே பிரிக்காதீர்கள். பேனல் ஓரத்தில் இருக்கிற ரிப்பன்கள் தாள் மாதிரி இருக்கின்றன, ஒன்று கிழிந்தாலும் திரையில் கோடு விழுந்துவிடும். அப்புறம் நிஜமாகவே பேனல் மாற்ற வேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்க.

ஏற்காட்டிலிருந்து, நாகலூர் பக்கம்:

அண்ணா, எங்களுக்கு வந்தது வேற. படம் கட்டம் கட்டமாக உடையும், முகம் பாதி நின்றுபோகும், சத்தம் வெட்டி வெட்டி வரும். மலையில் எல்லாப் பழியையும் மூடுபனி மேலேயே போட்டுவிடுவோம், நாங்களும் அப்படித்தான் ஒரு வருஷம் ஓட்டினோம். பாக்ஸை ரெண்டு தடவை மாற்றினார்கள். டிவி மெனுவைத் திறந்தால் மெனு சுத்தமாக இருக்கும், பின்னாடி படம் மட்டும் உடையும். அப்படியென்றால் டிவியில் ஒன்றுமில்லை, வருகிற சிக்னலில்தான் குறை என்று தெரிந்துபோச்சு.

அப்புறம் நான் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். அடர்ந்த பனியில், காற்றே இல்லாத நாளில் படம் நன்றாக இருந்தது. காற்று அடித்தால் மட்டும் உடைந்தது. வெளியே போய் டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், எதிரே தடையே இல்லை. பிறகு ஒரு கேபிள் வேலைக்காரத் தம்பி சொன்னார், "அண்ணா, தட்டு பார்க்கிற திசையை நம்பாதீங்க. சிக்னல் அதைவிட ரொம்ப மேலேயிருந்து இறங்குது, அண்ணாந்து பாருங்க." நம்ம ஊரிலிருந்து டிஷ் தென்கிழக்காக வைக்கிறார்கள், சாட்டிலைட் வானத்தில் ரொம்ப உயரத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் சில்வர் ஓக்! டிஷ் வைத்தபோது கூரை உயரம்கூட இல்லாத மரம், ஆறு வருஷத்தில் விறுவிறுவென்று ஏறி, கிளை ஆடும்போதெல்லாம் சிக்னலை மறைத்துக்கொண்டிருந்தது.

மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, எஸ்டேட்காரர் கிளையை வெட்ட மனசு வைக்கவில்லை. டிஷ்ஷைப் பத்தடி தள்ளி வைத்தோம், சரியாகிவிட்டது. அதே சமயம் கேபிள் முனையைக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது, மழைத்தண்ணி இறங்கியிருக்கிறது. முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு ரப்பர் டேப் சுற்றினோம். கொட்டுகிற மழைக்கு மட்டும் மருந்து இல்லை, அந்த அலையை மழைத்துளிகளே விழுங்கிவிடும், மழை விடும்வரை காத்திருக்கணும்.

கேட்க மறந்துட்டேன். எங்கள் கடையில் இருக்கிற இன்னொரு டிவியில் உங்கள் அம்மா சொன்ன அதே நிலா ரெண்டு இருக்கு. அந்த மெக்கானிக் மலைக்கு வருவாரா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. புது 4கே டிவி வாங்கி மூன்றாம் நாள், இருட்டுக் காட்சியில் ஒரு பச்சைப் புள்ளி. பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் லென்ஸைத் திரையில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிப் பட்டைகள், பின்னல் போட்ட மாதிரி வரிசை. அதில் ஒரே ஒரு பச்சைப் பட்டை மட்டும் அணையாமல் எரிகிறது. மெனு மேலேயும் அதே இடத்தில்.

கம்பெனியில் மாற்றித் தரவில்லை. கோபமாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டபின் எதற்குச் சண்டை போடணும் என்று புரிந்தது. 4கே திரையில் 82,94,400 பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், ஆக சுமார் இரண்டரைக் கோடிப் பட்டை. உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2001இல் கொண்டு வந்த 13406-2 என்ற விதியில், இரண்டாம் வகுப்புத் திரைக்குப் பத்து லட்சம் பிக்சலுக்கு 2 எப்போதும் எரிவது, 2 எப்போதும் அணைந்தது, 5 ஒரு நிறம் மட்டும் கெட்டது என்று அனுமதித்திருக்கிறார்கள். 2008இல் அதற்குப் பதில் வேறு விதி வந்துவிட்டது. இன்றும் பல கம்பெனிகள் இத்தனை புள்ளி வரை பழுது இல்லை என்று தங்கள் வாரண்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். பென் டிரைவில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து வெற்றுப் படம் போட்டு எடுத்துப்போய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

என் புள்ளிக்கு, நிறங்கள் வேகமாக மாறி மாறி மின்னும் வீடியோவை ராத்திரி ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை, ரெண்டாம் நாள் போய்விட்டது, எட்டு மாசமாகத் திரும்பி வரவில்லை. எல்லாருக்கும் போகும் என்று சொல்ல மாட்டேன். நிறம் ஒட்டிக்கொண்ட புள்ளிக்குத்தான் இது சில நேரம் பலிக்கும், செத்துப்போன கறுப்புப் புள்ளி எழுந்திருக்காது. வலிப்பு நோய் இருப்பவர்கள் அந்த வீடியோவைப் பார்க்கவே கூடாது, போட்டுவிட்டு நானே அறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து:

வீட்டை ஒட்டியே வயல். எங்கள் திரையில் கறுப்பாக ஒரு கோடு மாதிரி புள்ளி, எள்ளில் பாதி அளவு. காலையில் இடது மூலையில் இருந்தது, சாயங்காலம் நடுவில் இருந்தது! பூச்சி. இலைப்பேன் மாதிரி மெலிசான பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து தாள்களுக்கு நடுவே புகுந்துவிடுகின்றன. என் மாமா பையன் அவர் வீட்டில் விரலால் அழுத்திக் கொன்றார், அது அங்கேயே ஒட்டிக்கொண்டு மூன்று வருஷமாக இருக்கிறது. நாங்கள் தொடவில்லை. டிவியை அணைத்துவிட்டு, திரை ஓரத்தில் ஒரு டேபிள் விளக்கைப் போட்டு வைத்தோம், மறுநாள் காணோம்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து:

வெள்ளை வெள்ளையாகப் பொரி தெறித்த மாதிரி திரை முழுக்கப் புள்ளி வந்து வந்து மறைந்தால் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படம் கொண்டு வருகிற எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பாருங்க. நான் சுவர் வழியாக 15 மீட்டர் இழுத்திருந்தேன், 4கே போட்டால் மட்டும் தெறிக்கும். சின்னக் கேபிள் ஒன்றை மாற்றிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மறுபடியும் அம்மாப்பேட்டை:

ஏற்காட்டுத் தம்பிக்கு: கேட்டேன், அவர் மலைக்கு வருவதில்லை. டிவியைக் கீழே கொண்டு வருவதற்கு முன்னால் வெள்ளைப் படம் போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க, லென்ஸ்தானா என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். கொண்டு வருவதானால் டிவியைப் படுக்க வைக்காதீங்க. வாங்கின அட்டைப்பெட்டி இருந்தால் அதில், இல்லாவிட்டால் திரைப்பக்கம் கெட்டிப் போர்வை கட்டி, நிற்க வைத்தே ரெண்டு பக்கமும் கயிறு போடுங்க. 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு ஆள் கூடவே உட்கார்ந்து பிடித்துக்கொள்ளட்டும். பஸ் வேண்டாம். டிவி ரிமோட்டையும் மறக்காமல் எடுத்துட்டு வாங்க.